சின்ன வயதில் பெற்ற ஞானஸ்நானம் போதாதா?

நெல்லைச்சீமை:
தங்கைக்குச் சம்பந்தம் பேசியிருக்கிறோம். நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுப்போம். மாப்பிள்ளை வீட்டார் பெந்தெகொஸ்தே, விசுவாசித்த பிறகு தண்ணீரில் முழுகி எடுப்பவர்கள். எல்லாம் கூடிவந்த பிறகு, பெண் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தால்தான் கல்யாணத்தை நடத்தித் தருவேன் என்கிறார் அவர்கள் பாஸ்டர். அவள் கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவள், வளர்ந்தபின் சபையில் தன் விசுவாசத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தலும் எடுத்தவள். "ஒருதரம் பெற்றது பெற்றதுதான்" என்று அப்பா ஒரே பிடியாக நிற்கிறார். வேதத்தின்படி யார் பக்கம் சரி?

யோர்தான்கரை:
ஸ்தோத்திரம் பிரதர். மாற்கு 16:16ஐ எடுத்துப் பாருங்கள்: "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்." முதலில் விசுவாசம், அப்புறம்தான் ஞானஸ்நானம். பேதுருவும் அப்போஸ்தலர் 2:38ல் "மனந்திரும்பி" என்றுதான் ஆரம்பிக்கிறார். பால்குடி மாறாத பிள்ளை எதிலிருந்து மனந்திரும்பும்? ரோமர் 6ன்படி இது கிறிஸ்துவோடு அடக்கமாகி எழும்புவது. நெற்றியில் நாலு சொட்டு வைப்பதா அடக்கம்?

"மறுஞானஸ்நானம்" என்ற பேச்சே தப்பு. முதலில் நடந்தது ஞானஸ்நானமே அல்ல என்கிறோம். எபேசுவில் யோவான் ஸ்நானகனின் ஸ்நானம் மட்டும் பெற்றிருந்த ஏறக்குறைய 12 பேருக்குப் பவுல் இயேசுவின் நாமத்தில் மறுபடி கொடுக்கவில்லையா? அப்போஸ்தலர் 19.

கல்தொட்டி:
பிரதர், எபேசு உதாரணம் இங்கே ஒட்டாது. பரிசுத்த ஆவி உண்டென்றுகூடக் கேள்விப்படவில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். இந்தப் பெண் பெற்றது பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில். இரண்டும் ஒன்றா?

அப்போஸ்தலர் 2:38ஐச் சொல்கிறவர்கள் அடுத்த வசனத்துக்குப் போவதே இல்லை. "வாக்குத்தத்தமானது உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும்" என்று அங்கேயே இருக்கிறது. லீதியாள் வீட்டார், பிலிப்பி சிறைச்சாலைக்காரன் வீட்டார் எல்லாரும் குடும்பமாகத்தான் பெற்றார்கள். அங்கே குழந்தை இருந்ததா என்று எழுதவில்லை, சரி. ஆனால் எட்டாம் நாளில் விருத்தசேதனம் செய்து பழகிய யூதர்களுக்கு, பிள்ளை உடன்படிக்கைக்குள் பிறக்கிறது என்பது புதுச் செய்தி அல்ல. கொலோசெயர் 2:11, 12ல் விருத்தசேதனமும் ஞானஸ்நானமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

தண்ணீரின் அளவும் பெரிய விஷயமில்லை. ஆதிச் சபையின் போதனை நூலான 'திதாகே' ஓடுகிற தண்ணீரைத்தான் முதலில் கேட்கிறது. அதிகத் தண்ணீர் கிடைக்காவிட்டால் தலையில் மூன்று தரம் ஊற்றச் சொல்கிறது.

என் கேள்வி வேறு. ஞானஸ்நானத்தில் செயல்படுகிறது யார்? ஆண்டவரா, நாமா? எங்கள் கோயிலில் ஐயர் (எங்கள் குருவானவர்) கல்தொட்டித் தண்ணீரைக் கையில் அள்ளி மூன்று முறை ஊற்றி, நெற்றியில் சிலுவை வரைவார். பிள்ளை வீரிட்டு அழும். அந்தப் பிள்ளை ஒன்றுமே செய்யவில்லை, பெற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். கிருபை என்றால் அதுதானே?

யோர்தான்கரை:
அப்படியானால் விசுவாசமே தேவையில்லையா? 1 பேதுரு 3:21 ஞானஸ்நானத்தை "தேவனைப்பற்றும் நல்மனச்சாட்சியின் உடன்படிக்கை" என்கிறது. குழந்தைக்கு ஏது மனச்சாட்சி? சுமார் கி.பி. 200ல் ஆதிச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியனே சிறுபிள்ளைகளுக்கு அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள் என்று எழுதினார். 1525 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில், குழந்தையாகப் பெற்றிருந்த விசுவாசிகள் வளர்ந்தபின் தாங்களாக முன்வந்து எடுத்தார்கள். அதற்காக 1527ல் அவர்களில் ஒருவரான பேலிக்ஸ் மான்ஸை லிமாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது யார்? உங்கள் சீர்திருத்தச் சபைக்காரர்கள்தான்.

கல்தொட்டி:
அது கொடுமை, அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அதே 1525ல் அந்தச் சூரிச் கூட்டத்தில் கிரேபல் என்பவர் தோழர் பிளவ்ராக்குக்குக் கொடுத்தது தலையில் ஊற்றித்தான்! உங்கள் பாஸ்டர் அதைச் செல்லாது என்பாரே. தெர்த்துல்லியனும், கல்யாணம் ஆகாதவர்கள்கூடக் காத்திருக்கட்டும் என்று அதே இடத்தில் சொல்கிறார். அதையும் பின்பற்றுவோமா?

முத்துநகர்:
கத்தோலிக்கன் ஒரு வார்த்தை சொல்லலாமா? எங்களுக்குத் திருமுழுக்கு (நீங்கள் சொல்லும் ஞானஸ்நானம்) ஆன்மாவில் பதிகிற அழியாத முத்திரை. சாகக் கிடக்கிற குழந்தைக்கு அவசரத்தில் ஒரு நர்ஸ் கொடுத்தாலும் செல்லும், அவர் கிறிஸ்தவராக இல்லாவிட்டாலும். திருச்சபையின் எண்ணத்தோடு, தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரைச் சொல்லித் தண்ணீர் ஊற்றினால் போதும். கி.பி. 314லேயே ஆர்ல் நகரில் கூடிய ஆயர்களின் சங்கம், மூவொரு கடவுளின் பெயரால் பெற்று வருகிறவருக்கு மறுபடி கொடுக்காதே, கை வைத்து ஏற்றுக்கொள் என்று தீர்த்துவிட்டது. 1982ல் லிமாவில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் குழு வெளியிட்ட அறிக்கையும் மறுமுழுக்குப்போலத் தோன்றும் எதையும் தவிர்க்கச் சொல்கிறது.

சேனைக்காரன்:
எங்கள் இரட்சணிய சேனையில் தண்ணீர் ஞானஸ்நானமே கிடையாது. சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளன் எந்தத் தொட்டியில் முழுகினான்? நீங்கள் பேசி முடியுங்கள், நான் டீ குடித்துவிட்டு வருகிறேன்.

நெல்லைச்சீமை:
:) தங்கையிடமே கேட்டேன். "எனக்கே எடுக்கத் தோன்றினால் எடுப்பேன், தாலிக்காக எடுக்க மாட்டேன்" என்கிறாள்.

கல்தொட்டி:
கெட்டிக்காரி. யோர்தான்கரை அண்ணே, சுயமாகத் தீர்மானித்து எடுப்பதே ஞானஸ்நானம் என்கிறீர்கள். கல்யாணத் தேதியைப் பிடித்துவைத்துக்கொண்டு எடுக்கச் சொன்னால் அது எந்தக் கணக்கு?

யோர்தான்கரை:
அந்த நிபந்தனையை நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன். விருப்பமில்லாதவளை ஆற்றில் இறக்கினால் நனைந்து வருவாள், வேறொன்றும் நடக்காது. ஆனால் அவள் தானாக வசனத்தைப் படித்து, கீழ்ப்படிய வேண்டும் என்று உணர்த்தப்பட்டால் நீங்களும் தடுக்காதீர்கள்.

கல்தொட்டி:
நியாயம். சீர்திருத்தத் தலைவர் மார்ட்டின் லூத்தர் 1528ல் மறுஞானஸ்நானத்தைப்பற்றி எழுதியபோது எழுப்பிய சிக்கலைக் கேட்டு நிறுத்துகிறேன். 18 வயதில் கூட்டத்தோடு கூட்டமாக உங்களிடம் முழுகினவன், 40 வயதில் "அப்போது எனக்கு விசுவாசமே இல்லை, இப்போதுதான் இரட்சிக்கப்பட்டேன்" என்று வந்தால் மறுபடி கொடுப்பீர்களா? 60ல் திரும்பவும் வந்தால்?

யோர்தான்கரை:
சில பாஸ்டர்கள் கொடுப்பார்கள். எங்கள் சபையில் ஜெபித்துச் சேர்த்துக்கொள்வோம், மறுபடி கொடுப்பதில்லை.

கல்தொட்டி:
அதைத்தான் நெல்லைச்சீமையின் அப்பாவும் சொல்கிறார்.