பிசிறு நீக்கும் சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தல்: துவாஸ் பட்டறை அனுபவம்

சிங்கப்பூரின் தொழிற்பேட்டைப் பகுதியான துவாஸில் உள்ள ஓர் உலோகப் பட்டறையில் ஃபினிஷிங் பிரிவைக் கவனித்து வருகிறேன். உலோகத்தை வெட்டும்போதும் கடையும்போதும் விளிம்பில் ஒட்டி நிற்கும் பிசிறை நீக்குவது எங்கள் வேலை. லேசரில் வெட்டிய துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள், கணினியால் இயங்கும் சிஎன்சி இயந்திரத்தில் கடைந்த அலுமினியப் பாகங்கள், எப்போதாவது கப்பல் பட்டறைகளிலிருந்து வரும் தடித்த கார்பன் ஸ்டீல் துண்டுகள் ஆகியவை எங்கள் மேசைக்கு வருகின்றன. எந்தச் சக்கரம் வாங்கலாம் என்று கேட்கும் நண்பர்கள் பெரும்பாலும் அராவும் துகளின் பருமனைக் குறிக்கும் கிரிட் எண்ணையும் விலையையுமே விசாரிக்கிறார்கள். அவ்விரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது சக்கரத்தின் அடர்த்தி, அதாவது அது எவ்வளவு கெட்டியானது என்பது என் உறுதியான கருத்து. பிசிறு எவ்வளவு தடிமனாக இருக்கிறது, அது போன பிறகு விளிம்பு எவ்வளவு கூர்மையாக நிற்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தருவது அதுதான்.

நான் பேசுவது நைலான் இழை வலையில் அராவும் துகள்களைப் பிசினால் ஒட்டிச் செய்யும் சக்கரங்களைப் பற்றி. வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் இதே குடும்பம்தான். வலையை நடுக்குழாயைச் சுற்றிச் சுருட்டிக் கெட்டிப்படுத்தியதைக் கன்வல்யூட் என்றும், அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்திப் பலகையாக்கி வட்டமாக வெட்டியதை யூனிடைஸ்டு என்றும் சொல்கிறோம். யூனிடைஸ்டு சக்கரத்தை எந்தத் திசையிலும் ஓட்டலாம். கன்வல்யூட் சக்கரத்தில் மட்டும் அம்புக்குறி காட்டும் திசையை மீறக் கூடாது. எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் அதைத் திருப்பி மாட்டிவிட, வேலையைத் தொட்ட உடனே மேல் சுற்று பிரிந்து எழும்பத் தொடங்கியது; அருகில் இருந்தவர் உடனே சுவிட்சை அணைத்ததால் யாருக்கும் அடிபடவில்லை.

அடர்த்தியின் வேறுபாடு எனக்கு நன்றாக விளங்கியது, 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளுக்கான ஒரு பெரிய ஆர்டர் வந்தபோது, சக்கரம் வாங்கும் முன்பே மென்மையான ரகத்தையும் கடினமான ரகத்தையும் அருகருகே வைத்துச் சோதித்துப் பார்த்ததில்தான். லேசர் வெட்டின் அடிப்பகுதியில் உறைந்து நின்ற கசடு, அடர்த்தி எண் 2 போன்ற மென்மையான சக்கரத்தைக் கிழித்து நார் நாராக்கியதே தவிர, தான் அசையவில்லை. எண் 8 அல்லது 9 அளவிலான கெட்டிச் சக்கரம் அதை இலகுவாக எடுத்தது. ஆனால் அதே கெட்டிச் சக்கரத்தைச் சிஎன்சி பாகத்தின் மெல்லிய பிசிறில் வைத்தால், பிசிறோடு விளிம்பையும் சேர்த்துத் தின்று, வரைபடம் அனுமதித்த அளவைத் தாண்டி மழுக்கிவிடுகிறது. அங்கே வளைவுகளுக்கு ஏற்பத் தானும் வளைந்துகொடுக்கும் மென்மையான யூனிடைஸ்டுதான் பொருத்தம்.

அழுத்திப் பிடித்தால் வேலை வேகமாக முடியும் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. மிகையாக அழுத்தும்போது பிசிறு வெட்டுப்படாமல் மடிந்து மறுபக்கம் புரண்டு உட்கார்ந்துவிடும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும், பாகத்தைப் பொருத்தும்போதுதான் வெளிப்படும். எங்கள் மூத்த அண்ணன் ஒருவர் விளிம்பின் மேல் பஞ்சை மெல்ல இழுத்துச் சோதிப்பார். இழை சிக்கினால், “தம்பி, இன்னும் இருக்கு, திரும்ப எடுங்க” என்று சொல்லித் திருப்பித் தருவார். விரலால் தடவிப் பார்ப்பதைவிட இது நம்பகமானது, விரலும் வெட்டுப்படாது.

அழுத்தத்தோடு வேகமும் கூடினால் நைலான் உருகி உலோகத்தின் மேல் கறையாகப் படியும். துருப்பிடிக்காத எஃகு வெப்பத்தை மெதுவாகவே கடத்துவதால் இந்தத் தொல்லை அதில் அதிகம். அதோடு எஃகும் மஞ்சளாகி, பிறகு நீலமாக நிறம் மாறும். அந்த இடத்தில் அரிப்பைத் தாங்கும் திறன் குறைந்துவிடுகிறது. வேகத்தைக் கணக்கிடுவது எளிது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 2,850 சுற்று ஓடும் மேசை கிரைண்டரில் 200 மில்லிமீட்டர் சக்கரத்தின் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர் ஓடும். அதுவே தேய்ந்து 150 ஆகும்போது 22 மீட்டராகக் குறையும். தேய்ந்த சக்கரம் வெட்டவில்லை என்று குறைகூறுவோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கையில் பிடிக்கும் கிரைண்டரிலோ ஆபத்து எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது: அதன் சுற்று பல மடங்கு அதிகம் என்பதால், சக்கரத்தின் மேல் அச்சிட்ட உச்ச வேகம் இயந்திரத்தின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் அதை மாட்டவே கூடாது.

துகளைப் பொறுத்தவரை, சிலிகான் கார்பைடு நுண்மையான, பளிச்சென்ற முகத்தைத் தருகிறது. அலுமினியம் ஆக்ஸைடு நீண்ட நாள் உழைக்கிறது.

கார்பன் ஸ்டீலில் ஓடிய சக்கரத்தைத் துருப்பிடிக்காத எஃகில் ஒருபோதும் வைக்கக் கூடாது. அதில் ஒட்டியிருக்கும் இரும்புத் துகள்கள் எஃகின் முகத்தில் பதிந்து, நம் ஊரின் ஈரப்பதமான கடல்காற்றில் விரைவிலேயே பழுப்புப் புள்ளிகளாகத் தலைகாட்டும். உணவு இயந்திரத்துக்கான பாகம் என்றால் வாடிக்கையாளர் அதை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். உலோகத்துக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு வண்ணம் என்று நாங்கள் பிரித்து வைத்திருப்பது இதனால்தான்.

அலுமினியத்தில் வேறொரு கவலை. சாதாரணச் சாணைக்கல்லின் துளைகளை அது அடைத்துக்கொள்வதால் கல் சூடாகி உடையக்கூடும். திறந்த வலை கொண்ட நைலான் சக்கரத்தில் அடைப்பு குறைவு. ஆனால் எந்தச் சக்கரமானாலும் எழுகிற அலுமினியத் தூள் எரியக்கூடியது. 2021 பிப்ரவரி 24 அன்று துவாஸில் உருளைக்கிழங்கு மாவுத்தூள் சம்பந்தப்பட்ட வெடிப்பில் மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். மாவே அப்படி வெடிக்கும் என்றால் உலோகத் தூளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எஃகின் தீப்பொறியும் அலுமினியத் தூளும் ஒரே உறிஞ்சு குழாயில் சேரவிடாதீர்கள், குழாயைத் தூள் தேங்கும்வரை விட்டுவைக்காதீர்கள் என்று எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன்.

ஜாலான் புசார் பக்கத்து ஹார்டுவேர் கடைகளுக்கோ நேரடி விநியோகிப்பாளரிடமோ போகும்போது, பிசிறு நீக்காத பாகம் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உலோகம் எது, இயந்திரத்தின் சுற்று எவ்வளவு, வரைபடத்தில் மேற்பரப்பின் சொரசொரப்பைக் குறிக்கும் ஆர்ஏ மதிப்பு எவ்வளவு என்பதையும் எழுதிக் கொடுத்து, அடுத்தடுத்த இரண்டு அடர்த்திகளில் மாதிரி கேளுங்கள். மாதிரி தர மறுத்தால், பெட்டியாக வாங்காமல் ஒவ்வொன்று மட்டும் வாங்கிச் சோதியுங்கள்.