மதுரையா திருச்சியா? நடுவில் இருக்கும் செட்டிநாட்டுக்காரர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காரைக்குடியிலிருந்து:

போன மாதம் சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் ஊருக்கு வந்துகொண்டிருந்தேன். எதிர் சீட்டில் இரண்டு பையன்கள். இரண்டு பேரும் காரைக்குடியில் ஒரே விடுதியில் தங்கிப் படிக்கிறவர்கள், ஒருவன் மதுரை, இன்னொருவன் திருச்சி. செங்கல்பட்டில் ஆரம்பித்த வாக்குவாதம் விருத்தாசலம் தாண்டியும் ஓயவில்லை. எந்த ஊர் பெரிய ஊர், எந்த ஊர்ச் சாப்பாடு ருசி, வைகையில் தண்ணீர் எங்கே இருக்கிறது, திருச்சியில் ராத்திரி பத்து மணிக்கு மேல் என்ன கிடைக்கும் என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்க காரைக்குடிதானே, நீங்களே சொல்லுங்க" என்றார்கள். எனக்கு உண்மையிலேயே பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்தும் யோசித்துக்கொண்டே இருந்தேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடே இரண்டாகப் பிரிந்த வீடு. அப்பாவுக்குச் சொந்தம் எல்லாம் மேலூர், மதுரை. அம்மா பிறந்தது அரிமளம் பக்கம், மாமாக்கள் இருப்பது திருச்சி உறையூரில். சின்ன வயதில் சித்திரை வந்தால் மதுரை, ஆடி வந்தால் திருச்சி. எனக்கு இந்த இரண்டு ஊரும் திருவிழா வழியாகத்தான் முதலில் பழக்கம்.

மதுரையில் அத்தை வீடு தல்லாகுளத்துக்குப் பக்கம். மலையிலிருந்து வரும் அழகரை ஊரே எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை அன்று ராத்திரி அந்தத் தெருவில் யாரும் தூங்கமாட்டார்கள். வாசலில் பெரிய அண்டாவில் நீர்மோர், பக்கத்தில் பானகம். போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் ஊற்றிக் கொடுப்பது எங்கள் வேலை. யார், எந்த ஊர் என்று ஒருத்தரையும் கேட்டதில்லை. "குடிச்சிட்டுப் போங்கண்ணே" என்று கையைப் பிடித்து நிறுத்திக் கொடுப்பார் அத்தை. மதுரையின் பாசம் அப்படித்தான், கொஞ்சம் சத்தமாக, கொஞ்சம் அதிகாரமாக இருக்கும்.

ஆடிப்பெருக்குக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறை. அம்மாச்சி ஒரு தூக்குவாளியில் காப்பரிசி கலந்து எடுத்துவருவார், காதோலை கருகமணி எல்லாம் வைத்துக் காவேரிக்குப் படைத்துவிட்டு, எங்கள் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டுவார். அங்கேயும் கூட்டம்தான், ஆனால் பேச்சு தணிவாக இருக்கும். மதுரையில் "அங்கிட்டு நகருங்கண்ணே" என்று தோளில் கைவைத்துச் சொல்வதை, திருச்சியில் "கொஞ்சம் வழி விடுங்களேன்" என்று இரண்டடி தள்ளி நின்று சொல்வார்கள். இது என் காதில் விழுந்த வித்தியாசம், எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? மதுரையில் தங்கை மீனாட்சி கல்யாணத்துக்குச் சீர் கொண்டுவருகிற அண்ணன் அழகர் என்று கதை சொல்லி வைகைக்குக் கூட்டிவருகிறார்கள். திருச்சியில் ஸ்ரீரங்கம் ரங்கநாதர் தன் தங்கை சமயபுரம் மாரியம்மனுக்குத் தைப்பூசத்தன்று கொள்ளிடக் கரையில் சீர் கொடுக்கிறார். இரண்டு ஊரிலும் அண்ணன் பெருமாள், தங்கை அம்மன், நடுவில் ஒரு ஆறு, சீர்வரிசைத் தட்டு. இதைவிட ஒற்றுமை வேறு என்ன வேண்டும்? சைவம் வைணவம் என்று பெரிய வார்த்தையெல்லாம் தேவையே இல்லாமல், ஜனங்கள் அதை ஒரு குடும்ப விஷயமாக ஆக்கிவைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு பையன்களிடம் இதைச் சொல்லாமல் விட்டேனே என்று இப்போது வருத்தமாக இருக்கிறது.

சரி, உங்கள் பக்கம் எப்படி? மதுரைக்கும் திருச்சிக்கும் நடுவில் இருந்துகொண்டு நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்.

பொன்னமராவதியிலிருந்து:

தம்பி, நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் ஊரில் நின்றால் இரண்டு பக்கத்துக்கும் பேருந்து உண்டு, அதனால் இந்தக் கேள்வி எனக்கு நன்றாகவே பழக்கம்.

செட்டிநாடு என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, நிர்வாகத்தில் அது வெகுகாலமாகவே இரண்டு துண்டு. காரைக்குடி, தேவகோட்டை எல்லாம் 1985-இல் சிவகங்கை மாவட்டம் பிறக்கும் வரை இராமநாதபுரம் மாவட்டம். எங்கள் பக்கம், இராயவரம், அரிமளம், கோனாப்பட்டு எல்லாம் புதுக்கோட்டை சமஸ்தானம். அது 1948-இல் இந்தியாவோடு சேர்ந்த பிறகு 1974 வரை திருச்சி மாவட்டத்தில் இருந்தது. ஆக அந்தப் பக்கத்து ஊர்களுக்கு மதுரைப் பழக்கம் அதிகம், எங்கள் பக்கத்து ஊர்களுக்குக் கலெக்டரைப் பார்ப்பது, கல்லூரிக்குப் போவது எல்லாம் திருச்சி. நான் படித்ததும் திருச்சிதான். ஒரே மாதிரி வீடு, தரையில் ஒரே ஆத்தங்குடிக் கல், ஒரே சமையல், ஆனால் மனசு சாய்கிற திசை வேறு. உங்கள் அம்மாவும் அப்பாவும் அதற்குச் சரியான உதாரணம்.

இந்தப் போட்டியும் நேற்று வந்தது இல்லை. நாயக்கர் காலத்திலேயே தலைநகரம் ஊஞ்சல் மாதிரி போய்வந்தது. மதுரையில் இருந்தது திருச்சிக்குப் போனது, திருமலை நாயக்கர் அதைத் திரும்ப மதுரைக்குக் கொண்டுவந்து அந்தப் பெரிய மகாலைக் கட்டினார், அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் மறுபடியும் திருச்சிக்கே போய்விட்டார். போகும்போது மகாலின் வேலைப்பாடுகளைப் பெயர்த்து எடுத்துப்போனார் என்று சொல்வார்கள். மதுரைக்காரர்களிடம் இதைச் சொன்னால் இன்றைக்கும் முகம் வாடும். ராணி மங்கம்மாள் திருச்சியில் இருந்துதான் ஆண்டார், ஆனால் தமுக்கம் அரண்மனை என்று மதுரையிலும் அவர் பெயரைச் சொல்ல ஓர் இடம் இருக்கிறது. இன்று காந்தி மியூசியம் இருப்பது அங்கேதான். ஒரே ராணியை இரண்டு ஊரும் எங்கள் ராணி என்கின்றன, இரண்டு பேர் சொல்வதும் சரிதான்.

1983-இல் எம்.ஜி.ஆர். தலைநகரைத் திருச்சிக்கு மாற்றலாம் என்று யோசனை சொன்னபோது எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் இரண்டு கட்சியாகப் பிரிந்து உட்கார்ந்தோம். 2020 ஆகஸ்டில் மறுபடியும் அதே பேச்சு. இரண்டாவது தலைநகரம் மதுரைக்குத்தான் என்று ஓர் அமைச்சர், திருச்சிக்குத்தான் என்று இன்னோர் அமைச்சர், இரண்டு பேரும் ஒரே அமைச்சரவை. எங்கள் ஊர் டீக்கடையில் அன்றைக்குப் பேப்பர் படித்த அத்தனை பேரும் பேசியது அதைத்தான்.

ஆனால் பாருங்கள், 2004-இல் உயர்நீதிமன்றக் கிளை மதுரைக்கு வந்தபோது திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எல்லாமே அதன் எல்லைக்குள் வந்துவிட்டன. அதுவரை வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு ஓடினவர்கள் காலையில் கிளம்பி மதுரையில் வேலையை முடித்து ராத்திரிக்குள் வீடு திரும்பினார்கள். என் தம்பி ஒரு நிலத் தகராறில் ஆறு வருஷம் அப்படிப் போய்வந்தான். திருச்சி வக்கீல், மதுரைக் கோர்ட்டு. அவனிடம் எந்த ஊர் பெரிசு என்று கேட்டால் கையெடுத்துக் கும்பிடுவான்.

தேவகோட்டையிலிருந்து:

நான் கொஞ்சம்தான் எழுதுவேன், அடுப்பில் வேலை இருக்கிறது. என் வீட்டுக்காரர் பதினோரு வருஷமாகச் சிங்கப்பூரில். அதனால் எனக்குத் திருச்சி என்றால் மலைக்கோட்டையும் இல்லை, ஸ்ரீரங்கமும் இல்லை, விமான நிலையம்தான். புதுக்கோட்டை ரோட்டில் நாங்கள் போகும்போது ஊருக்கு முன்னாலேயே அது வந்துவிடும். அப்படியே வழியனுப்பிவிட்டு அப்படியே திரும்பிவிடுவோம். எத்தனையோ தடவை போயும் ஊருக்குள் போனது இரண்டே தடவை. 2024 ஜனவரியில் புது முனையம் திறந்தார்கள், அழகாகத்தான் கட்டியிருக்கிறார்கள், ஆனால் கண்ணாடிக்கு வெளியே நின்று அழுதுகொண்டு பார்க்கிறவளுக்குப் பழைய கட்டடம் என்ன, புதுக் கட்டடம் என்ன.

மதுரை எனக்குச் சந்தோஷமான ஊர். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று போனாலும், நாத்தனார் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போனாலும், திரும்பும்போது மல்லிகைப்பூ வாங்காமல் பஸ் ஏறமாட்டோம். மாட்டுத்தாவணியில் வாங்கி, வாழை இலையில் சுற்றி, தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்தால் மறுநாள் காலை வரைக்கும் வாசம் போகாது. திருச்சியிலும் பூ விற்கிறார்கள்தான், சண்டைக்கு வராதீர்கள், ஆனால் அந்த மொட்டின் கனமும் வெள்ளையும் மதுரையில்தான். சேலை மட்டும் யார் எந்த ஊர் என்று சொன்னாலும் எனக்கு எங்கள் கண்டாங்கிதான், சுங்குடி அதற்கு அடுத்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ கிராமங்களுக்குக் குழாயில் வருகிற குடிதண்ணீர் திருச்சிப் பக்கமிருந்து வருகிற காவேரித் தண்ணீர். அத்தனை தூரம் குழாயில் வருகிறது. நான் பிறந்த ஊரில் ஊருணி வற்றினால் அம்மா இரண்டு மைல் குடம் தூக்கினார். அதனால் திருச்சியைப் பற்றி யாராவது குறைவாகப் பேசினால் எனக்கு மனசு கேட்காது.

சிறாவயல் பக்கத்திலிருந்து:

மாட்டைப் பற்றி ஒருத்தரும் எழுதவில்லையே! அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம் என்று உலகமே மதுரையைப் பேசுகிறது. திருச்சிக்காரர்கள் சூரியூர் ஜல்லிக்கட்டைச் சொல்வார்கள். எங்கள் சிறாவயல் மஞ்சுவிரட்டுக்குத் தைப் பொங்கல் முடிந்த கையோடு இரண்டு பக்கத்து மாடும் வரும். தொழுவிலிருந்து அவிழ்ப்பது ஒரு பக்கம், பொட்டலில் கட்டுமாடாக அவிழ்த்துவிடுவது இன்னொரு பக்கம். எங்கள் வீட்டு மாட்டை இரண்டு வருஷம் முன்னால் ஒரு மேலூர்ப் பையன் பிடித்தான். பிடித்தவன் அன்று சாயந்தரம் எங்கள் வீட்டுக்கே வந்து, "அண்ணே, மாட்டுக்குக் கால்ல ஏதும் அடி இல்லையே?" என்று கேட்டுவிட்டுப் போனான். அதே கூட்டத்தில் மணப்பாறையிலிருந்து மாடு கொண்டுவந்தவர், எங்கள் மாடு இரண்டு நாள் தீனி எடுக்காமல் நின்றபோது போனிலேயே வைத்தியம் சொன்னார். பொட்டலில் நிற்கிறபோது மட்டும் போட்டி, அவ்வளவுதான்.

மறுபடியும் காரைக்குடியிலிருந்து:

எல்லாரும் எழுதியதைப் படித்துவிட்டு இதைச் சொல்லத் தோன்றுகிறது. முதலில் எழுதும்போது விட்டுவிட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, மணி ஒன்றரை இருக்கும், அப்பாவுக்கு நெஞ்சுவலி. உள்ளூரில் பார்த்த டாக்டர் ஊசி போட்டுவிட்டு, பெரிய ஊருக்கு உடனே கொண்டுபோங்கள் என்றார். ஆம்புலன்ஸ் ஏறியாயிற்று. மதுரைக்கும் எண்பது தொண்ணூறு கிலோமீட்டர், திருச்சிக்கும் அதே அளவு. டிரைவர் முக்கில் வண்டியை நிறுத்தி, "எந்தப் பக்கம் சார்?" என்றார். நேராக ரயில்பாதை இருக்கிற திருச்சியா, ரயிலில் போனால் மானாமதுரை சுற்ற வேண்டிய மதுரையா என்று பகலில் பேசிய வாய்ப்பேச்செல்லாம் அந்த இடத்தில் ஒன்றுக்கும் உதவவில்லை. அப்பாவின் அண்ணன் மகன் மதுரையிலிருந்து போனில் "இங்கிட்டு வாங்க, நான் எல்லாம் ஏற்பாடு பண்றேன்" என்கிறார். அம்மா "திருச்சிக்கு விடச் சொல்லுடா, மாமா ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறான்" என்கிறார். அப்பா பேசும் நிலையில் இல்லை. நான்தான் சொல்லவேண்டும். திருச்சி என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாமா ஏற்கெனவே வாசலில் நிற்கிறார் என்ற ஒரு சொல்தான் காதில் நின்றது.

திருமயம் கோட்டை இருட்டில் தாண்டியது மட்டும் ஞாபகம் இருக்கிறது, புதுக்கோட்டை வந்தது தெரியவில்லை. திருச்சி போய்ச் சேர்ந்து அப்பாவை உள்ளே எடுத்துப்போனார்கள். விடிவதற்கு முன் பார்த்தால், மதுரை அண்ணன் வந்து நிற்கிறார். நான் அவர் பேச்சைக் கேட்கவில்லையே என்று தலை குனிந்துகொண்டேன். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கைப்பையில் பணம், அப்பாவுக்கு மாற்று வேட்டி, ஒரு பெட்ஷீட். மாமாவுக்கும் அவருக்கும் பத்து வருஷமாகப் பேச்சு சரியில்லை, ஒரு கல்யாணத்தில் பந்தி பரிமாறும்போது வந்த சண்டை, அதுவும் மதுரைச் சமையல்காரரா திருச்சிச் சமையல்காரரா என்பதில் தொடங்கியதுதான்.

அப்பா கண் விழித்தபோது மதியம் ஆகியிருந்தது. என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு மெதுவாக, "யாரெல்லாம் வந்திருக்கா?" என்றார். இரண்டு பேர் பெயரையும் சொன்னேன். நம்பவில்லை. ஜன்னல் திரையை விலக்கிக் கீழே எட்டிப் பார்த்துச் சொன்னேன், எதிர் டீக்கடை பெஞ்சில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், மாமா மதுரை அண்ணனுக்கு பன்னைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று.

இப்போதும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அப்பாவைத் திருச்சிக்குக் கூட்டிப்போகிறோம். கண் பரிசோதனை மட்டும் மதுரையில். இரண்டு இடத்துக்கும் அந்த இரண்டு பேருமே வருகிறார்கள்.