பிளாட்ஃபார்ம், ஃபிளாட்ஃபார்ம்: 'குறடு' இருக்கும்போது ஒலிபெயர்ப்பு எதற்கு?

வணக்கம்.

காலணி வடிவமைப்புப் பாடத்துக்கான தமிழ்ச் சொற்பட்டியலில், தடித்த அடி வைத்த இரண்டு வகைச் செருப்புகளான பிளாட்ஃபார்ம், ஃபிளாட்ஃபார்ம் இரண்டின் பெயரையும் அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவிடலாம் என்ற யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. காலி மனை வாங்கியவர் 'ஃபிளாட் வாங்கியிருக்கேன்' என்கிறார், அடுக்குமாடியில் வீடு வாங்கியவர் 'பிளாட்' என்கிறார். பத்திரத்தைப் பார்த்தால்தான் எது என்று தெரியும். நம் நாக்கில் இந்த இரண்டு ஒலிகளும் அப்படித்தான் இடம் மாறும். ஓர் ஆய்தத்தை நம்பி இரண்டு வகைச் செருப்பைப் பிரித்துவைத்தால் பாடம் நடத்துகிறவருக்கே குழம்பும்.

சொல்லைத் தேடுமுன் பொருளைப் பார்ப்போம். இரண்டிலும் அடிப்பாகம் தடிமன்தான். பிளாட்ஃபார்ம் என்று குறிப்பாகச் சொல்லும்போது முன்பாதத்தின் கீழும் தடித்த கட்டை இருக்கும், குதி அதைவிட உயரமாக இருக்கும். ஃபிளாட்ஃபார்மில் முன்னும் பின்னும் கிட்டத்தட்ட ஒரே உயரம். குதி 12 செ.மீ., முன்கட்டை 4 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கிறவர் கண்ணுக்கு அது 12 செ.மீ. செருப்பு. ஆனால் போட்டிருப்பவரின் பாதம் சரிவது 8 செ.மீ. அளவுக்குத்தான். அதனால்தான் முன்கட்டை இல்லாத அதே உயரக் குதியைவிட இதில் நிற்பது எளிது. ஃபிளாட்ஃபார்மில் இரண்டு பக்கமும் 5 செ.மீ. என்றால் சரிவே இல்லை, உயரம் மட்டும்தான்.

ஆக வேறுபாடு தடிமனில் இல்லை, சரிவில் இருக்கிறது. இதுவரை வந்த முன்மொழிவுகளெல்லாம் தடிமனையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. தடிமன் தனியாக அளக்கப்படும் ஒன்று. சாலை ஓட்டக் காலணிகளுக்கு 40 மி.மீ.க்கு மேல் அடித்தடிமன் கூடாது என்று உலகத் தடகள அமைப்பு 2020இல் விதி வகுத்தது. அடுத்த ஆண்டே வியன்னா மாரத்தானில் முதலில் வந்த எத்தியோப்பிய வீரர் டெராரா ஹுரிசா, காலணியின் அடி 5 செ.மீ. இருந்ததால் தகுதி இழந்தார். அங்கே கேள்வி எவ்வளவு தடிமன் என்பது. நம் இரண்டு சொற்களுக்கு நடுவே உள்ள கேள்வி பாதம் சாய்கிறதா, சமமாக நிற்கிறதா என்பது.

பிளாட்ஃபார்முக்கு 'மேடைச் செருப்பு' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். மன்னிக்கவும், அதைப் படித்ததும் பொதுக்கூட்டத்தில் யாரோ எதையோ வீசிய செய்திதான் நினைவுக்கு வந்தது. 'அடி'யை வைத்துச் சொல் செய்வதிலும் வம்பு உண்டு. தடித்த அடி என்பதைச் சுருக்கினால் தடியடி, போலீஸ் வந்துவிடும். செருப்பையும் அடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 'உயர்காலணி'யும் உதவாது. அது ஊசிக் குதிக்கும் பொருந்தும், முழங்கால்வரை வரும் பூட்ஸுக்கும் பொருந்தும்.

என் பரிந்துரை குறடு. பாதக்குறடு என்ற சொல்லை எல்லாருக்கும் தெரியும்: துறவிகள் போடும், கட்டைவிரலிடுக்கில் குமிழ் வைத்த மரச்செருப்பு. திண்ணையை ஒட்டித் தாழ்வாகக் கட்டிய மேட்டுக்கும் குறடு என்றே பெயர். செருப்பும் மேடும் ஒரே சொல்லில் முன்பே கூடியிருக்கின்றன, நாம் புதிதாக ஒட்டுப்போட வேண்டியதில்லை. கொல்லன் கையில் இருப்பதும் குறடுதானே என்று கேட்பீர்கள். காலணிப் பாடத்தில் 'குறட்டுச் செருப்பு' என்று வரும்போது இடுக்கியை யாரும் நினைக்க மாட்டார்கள் என்றே தோன்றுகிறது. தனித்து 'குறடு' என்று எழுதும் இடங்களில் கொஞ்சம் கவனம் வேண்டும், அது உண்மை.

ஆங்கிலத்தில் பிளாட்ஃபார்ம் என்பதை இரண்டுக்கும் பொதுவாகவும் சொல்கிறார்கள். எனவே பொதுப்பெயர் குறட்டுச் செருப்பு. அதில் குதி உயர்ந்து பாதம் சரிவது சாய்குறடு. சமமாக நிற்பது சமக்குறடு. சாய்குறடு வினைத்தொகை, அதனால் நடுவில் க் வராது. தட்டச்சு செய்கிறவர்கள் பழக்கத்தில் போட்டுவிடாதீர்கள்.

பழைய செருப்புகளை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். இத்தாலியக் காலணி வடிவமைப்பாளர் சால்வடோர் ஃபெராகாமோ 1938இல் ஹாலிவுட் நடிகை ஜூடி கார்லண்டுக்காகச் செய்த வானவில் நிறச் செருப்பு, தக்கை அடுக்குகளால் ஆனது, முன்னால் தடிமன், குதி இன்னும் உயரம். சாய்குறடு. ஸ்பெயினில் 16ஆம் நூற்றாண்டுப் பெண்கள் போட்ட, சொப்பீன் என்னும் உயர்ந்த அடி வைத்த தக்கைக் காலணிகள் முன்னும் பின்னும் ஒரே உயரம், எனவே சமக்குறடு. வெனிஸ் நகரத்துச் சொப்பீன்கள் சில ஏறக்குறைய அரை மீட்டர் உயரம் போனவை. அதைப் போட்ட சீமாட்டிகள் வேலைக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள். அவ்வளவு உயர்ந்ததை எந்தக் குறடு என்பது, அதைக் குட்டி ஸ்டூல் என்றே சொல்லிவிடலாம்! கெத்தா என்னும் ஜப்பானிய மரச்செருப்பில் பலகை சமம்தான், ஆனால் கீழே இரண்டு பல். அதைக் கெத்தா என்றே விட்டுவிடலாம். ஒரு பண்பாட்டின் பொருளுக்கு அதன் பெயர் இருப்பதே முறை.

பட்டியலில் அடுத்து வரும் வெட்ஜையும் இப்போதே பேசிவிடலாம். குதிக்கும் முன்பாதத்துக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தை அடைத்து வைப்பது அது. 1935இல் எத்தியோப்பியா மீது படையெடுத்த இத்தாலிக்கு எதிராகத் தடைகள் வந்து, பாதத்தின் நடுப்பகுதியைத் தாங்கக் காலணிக்குள் வைக்கும் நல்ல எஃகுப் பட்டை கிடைக்காமல் போனது. அப்போது சார்டினியத் தக்கையை வைத்து அந்த இடத்தை நிரப்பியவரும் ஃபெராகாமோதான். தச்சர்கள் இந்த வடிவத்துக்கு வைத்திருக்கும் பெயர் ஆப்பு. 'ஆப்புக் குதி' என்றால் மாணவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள், ஆனால் ஒருமுறை கேட்டால் மறக்கவும் மாட்டார்கள். வேண்டாம் என்பவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். 'முக்கோணக் குதி' மட்டும் வேண்டாம், அது கணக்குப் புத்தகத்திலிருந்து வந்த மாதிரி இருக்கிறது.