புதுப்பிப்பு: கிளட்ச் பெடல் சரியாகிவிட்டது

ஸ்லேவ் சிலிண்டர் (ஆயில் அழுத்தத்தால் கிளட்சைத் தள்ளும் சின்ன உருளை) மாற்றியபின் பெடல் தரையோடு ஒட்டிக்கொள்கிறது, ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று சத்தம் வருகிறது என்று எழுதியிருந்தேன் இல்லையா? கிளட்ச் ஆயில் போகும் லைனில் நின்ற காற்றுதான் காரணம்.

பெடலை மிதித்து, ஸ்லேவ் சிலிண்டரில் காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்து மூடி, பெடலைக் கையால் தூக்கிவிடும் வழக்கமான முறையில் குமிழி வந்துகொண்டே இருந்ததே தவிர, பெடல் கெட்டிப்படவில்லை. என் காரில் குழாய் நடுவில் மேடேறி இறங்குகிறது. அந்த மேட்டில் தங்கும் காற்று கீழ்நோக்கி வர மறுக்கும். அதனால் கீழிருந்து ஏற்றினோம். பெரிய சிரிஞ்சில் புது டாட் 4 பிரேக் ஆயில்; டியூபிலும் காற்றில்லாமல் நிரப்பி, ஸ்லேவ் நிப்பிளில் மாட்டி மெல்ல அழுத்தினோம். மேலே ஆயில் டேங்கில் குமிழி கிளம்பியதும் அப்படி ஒரு நிம்மதி!

இதைச் செய்யும் முன் டேங்கிலிருந்து கொஞ்சம் ஆயிலை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டேங்க்தான். வழிந்தால் பெயிண்டைத் தின்றுவிடும். பட்ட இடத்தில் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

இப்போது கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறது. டேங்கில் அளவும் குறையவில்லை. கீழிருந்து ஏற்றச் சொன்ன மெக்கானிக் அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி.