பாட்டு இருக்கு, பிளேலிஸ்ட்தான் சிக்கல்: வழி சொல்லுங்களேன்

மும்பை மாட்டுங்காவிலிருந்து எழுதறேன். மழை ஒழுகினதுல என் பழைய லேப்டாப் படுத்துடுச்சு. நல்லவேளை, பாட்டு ஃபோல்டரை 1 டிபி ஹார்டிஸ்க்ல காப்பி பண்ணியிருந்தேன். சுமார் 9,000 பாட்டு. பாதிக்கு மேல அப்பாவோட கேசட்டை ஓடவிட்டு நானே மாத்தினது. நாடா இழுபடற சத்தம்கூட அப்படியே இருக்கும்.

புது லேப்டாப்ல ஐடியூன்ஸ்ங்கற பாட்டு கேக்கற சாஃப்ட்வேர்ல ஃபோல்டரைப் போட்டா பாட்டு வந்துடுச்சு. பிளேலிஸ்ட், பாட்டுக்கு நான் கொடுத்த ஸ்டார், எத்தனை தடவை கேட்டேன்ங்கற கணக்கு எல்லாம் காலி. அது பாட்டு ஃபைல்ல இருக்காது, 'ஐடியூன்ஸ் லைப்ரரி.ஐடிஎல்'னு தனி ஃபைல்ல இருக்கும்னு அப்புறம்தான் உறைச்சுது.

பழைய லேப்டாப்போட டிஸ்க்கைக் கழட்டி, யுஎஸ்பி கேஸ்ல போட்டு அந்த ஃபைலை எடுத்துட்டேன். ஷிஃப்ட்டை அழுத்திக்கிட்டே ஐடியூன்ஸைத் திறந்து அதைக் காட்டினா பிளேலிஸ்ட் வருது. ஆனா பாட்டைத் தொட்டா பக்கத்துல ஆச்சரியக்குறி! பழசுல பாட்டு 'டி' டிரைவ்ல இருந்தது, இப்போ ஹார்டிஸ்க் 'எஃப்'னு காட்டுது.

விண்டோஸோட டிஸ்க் மேனேஜ்மென்ட்ல டிரைவ் எழுத்தை 'டி'ன்னு மாத்தி, ஃபோல்டர் பேரையும் பழையபடி வெச்சா போதுமா? யாராவது செஞ்சு பார்த்திருக்கீங்களா? ஒவ்வொரு பாட்டுக்கும் 'லொகேட்' கொடுத்து ஃபைல் இருக்கற இடத்தைக் காட்டினா அடுத்த மழையே வந்துடும். ஐடிஎல் ஃபைலுக்கு ரெண்டு காப்பி எடுத்து வெச்சிருக்கேன், தைரியமா சொல்லுங்க.