ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் காணாமல் போன சோடியம்

பி.பார்ம். மூன்றாம் ஆண்டு மாணவி:

பள்ளியில் படித்த வேதியியல் பார்மசி (மருந்தாக்கவியல்) படிப்பில் எங்கே வழுக்கியது, எங்கே உறைத்தது என்று பேசுகிறோம் அல்லவா, என் கதையைச் சொல்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள் நான். வேதியியலில் நல்ல மதிப்பெண்தான்; மோல் (துகள்களை எண்ணும் அலகு) கணக்கு என்றால் மட்டும் உதறல். பொதுத்தேர்வில் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு வேறொன்றை எழுதித் தப்பித்தேன். பி.பார்ம். முதல் பருவத்திலேயே அந்த வழி அடைபட்டது.

கனிம வேதியியல் வகுப்பில் ஆசிரியை மேசைமேல், வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைத் தூளான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை வைத்தார். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. சோடியம் எத்தனை மில்லிமோல் (மோலில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று கேட்டார். முந்திக்கொண்டு கை தூக்கினேன். 2.6 கிராமைச் சோடியம் குளோரைடின் மோல் நிறையான (ஒரு மோலின் கிராம் எடை) 58.5ஆல் வகுத்து, 44 என்றேன்.

"பொட்டலத்தில் 75 என்று போட்டிருக்கிறதே அம்மா, மீதி 31 யார் வீட்டிலிருந்து வந்தது?"

வகுப்பே சிரித்தது. சிட்ரேட்டின் பெயரிலேயே 'டிரைசோடியம்' இருக்கிறது. நான் அதைப் பெயராகத்தான் படித்திருந்தேன், மூன்று சோடியமாகப் பார்க்கவில்லை. சரியென்று மறுபடி போட்டேன். இம்முறை 78 வந்தது! உப்போடு ஒட்டியிருக்கும் இரண்டு படிக நீர் மூலக்கூறுகளை மறந்து, சிட்ரேட்டின் மோல் நிறையான 294க்குப் பதில் 258ஆல் வகுத்திருக்கிறேன். நீரையும் சேர்த்த பிறகு சிட்ரேட் ஏறக்குறைய 10 மில்லிமோல், அதிலிருந்து சோடியம் 30. கூட்டினால் 75ஐ ஒட்டி வந்து நின்றது.

அதன்பின் அவர் குளுக்கோஸையும் மோலாக மாற்றச் சொன்னார். 13.5 கிராமை 180ஆல் வகுத்தால் அதுவும் 75. கிராமில் பார்த்தால் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத எண்கள். மோலில் சோடியமும் குளுக்கோஸும் சரிக்குச் சரி. குடலின் சுவரில் இவை இரண்டையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் கடத்திப் புரதம் இருக்கிறது, தண்ணீர் அவற்றின் பின்னாலேயே போகிறது. குடலுக்குக் கிராம் கணக்கு தெரியாது, எண்ணிக்கைதான் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒரு வருடம் மனப்பாடம் செய்த சூத்திரம் இதற்காகத்தானா என்று கொஞ்சம் கோபம்கூட வந்தது.

மருத்துவமனை மருந்தாளுநர், பன்னிரண்டு ஆண்டு அனுபவம்:

என் கதை இவ்வளவு இனிப்பானதில்லை. பயிற்சிக் காலத்தில் வலிப்புக்கான ஃபெனிடாயின் ஊசி மருந்தை நீர்க்கச் செய்யச் சொன்னார்கள். கைக்கு எட்டிய டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) பாட்டிலை எடுத்துக் கலந்தேன். கண்ணெதிரே கலங்கியது. வார்டு சிஸ்டர் வந்து பார்த்து, "தம்பி, அதைக் கொட்டிவிட்டு சலைனில் போடுங்கள்" என்று, உப்புக் கரைசலைக் காட்டி மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

ஃபெனிடாயின் தண்ணீரில் கரைய மறுக்கும் ஒரு வலிமை குறைந்த அமிலம். சோடியம் உப்பாக்கி, பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு; 7க்கு மேல் காரம்) 12 அளவுக்குக் காரத்தன்மை ஏற்றித்தான் அதைக் குப்பியில் கரைசலாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். டெக்ஸ்ட்ரோஸ் கரைசல் சற்று அமிலத்தன்மை உடையது. பி.எச். இறங்கினால் உப்பு மறுபடி அமிலமாகி, கரையாமல் பிரிந்து வீழ்படிவாகிவிடும். 'அயனிச் சமநிலை' பாடத்தில் பத்து கணக்காவது போட்டிருப்பேன். எல்லாம் அசிட்டிக் அமிலக் கணக்குகள். மருந்தும் ஓர் அமிலம்தான் என்று அப்போது யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

டி.பார்ம். மாணவர்:

சிறிய சங்கதி. மாதிரியில் குளோரைடு மாசு வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் குளோரைடு வரம்புச் சோதனையில் மாதிரிக் குழாய், ஒப்பீட்டுக் குழாயைவிட அதிகமாக வெண்மங்கல் காட்டியது. 'மாதிரி தேறவில்லை' என்று அரைப் பக்கம் எழுதிவிட்டேன். ஆய்வக உதவியாளர் அண்ணன் குழாயை முகர்ந்து பார்ப்பது போல் பாவனை செய்து, "எந்தத் தண்ணீரில் கழுவினாய்?" என்றார். எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீர் வாயில் வைத்தாலே கரிக்கும். குளோரைடு இருந்தால் வெண்மங்கலாக்கும் சில்வர் நைட்ரேட் பாவம் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

புதிதாகச் சேர இருப்பவர்:

அக்கா, இந்த ஆண்டு பி.பார்ம். சேரப் போகிறேன். எனக்கும் மோல் கணக்கு என்றால் பயம். இப்போதே எதைப் படித்து வைக்கலாம்?

பி.பார்ம். மூன்றாம் ஆண்டு மாணவி:

புதிதாக எதுவும் வாங்க வேண்டாம் தம்பி. பதினொன்றாம் வகுப்பு வேதியியல் முதல் பாடம், பன்னிரண்டில் அயனிச் சமநிலை, இரண்டையும் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து போடுங்கள். ஆங்கிலச் சொற்களைப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். வகுப்பில் 'வீழ்படிவு' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இப்போதைக்கு ஒரு கணக்கு தருகிறேன்: சலைன் பாட்டிலில் 0.9 சதவீதம் என்று இருக்கும், அதாவது லிட்டருக்கு 9 கிராம் உப்பு. அதில் சோடியம் எத்தனை மில்லிமோல்? 154 வரவில்லை என்றால் எங்கே வழுக்கியது என்று இங்கேயே எழுதுங்கள், பார்ப்போம்.