சக்தியின் முதல் ஆல்பம் ஜாஸா, கச்சேரியா?

நடைபேதம்:
ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினின் ‘சக்தி’ குழு 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் சௌத்ஹாம்ப்டனில், ஒரு கல்லூரியில் வாசித்தது. அடுத்த ஆண்டு அது ஆல்பமாக வந்தது. எங்கு தேடினாலும் ஜாஸ் வரிசையில்தான் கிடைக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. கிட்டாரோடு எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம், ராகவனின் மிருதங்கம். பியானோ இல்லை, டிரம்ஸ் இல்லை. சுருதியை விட்டு நகராமல் மெட்டு விரிகிறது, தாளக் கணக்கு அதை இழுத்துப் போகிறது. இது கர்நாடகக் கச்சேரிதானே?

நீலஸ்வரம்:
கார்டுகள் (chords, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) மாறினால்தான் ஜாஸ் என்றில்லை. ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959லேயே கார்டுகளைக் குறைத்து, ஒரே ஸ்வர வரிசையில் நின்று கற்பனை செய்து காட்டிவிட்டார். மெக்லாஃப்லின் அவரோடு வாசித்தவர். சரி, கச்சேரி என்றே வைத்துக்கொள்வோம். எந்தக் கச்சேரியில் தபலாவும் மிருதங்கமும் சேர்ந்து உட்காரும்? இரண்டுக்கும் விரல் மொழியே வேறு. இந்த ஆல்பத்தின் ‘ஜாய்’ பாட்டின் பதினெட்டு நிமிடமும் ஒருவர் வாசிப்பதைக் கேட்டுத்தான் அடுத்தவர் வாசிக்கிறார். அந்தப் பதற்றத்தைத்தான் நான் ஜாஸ் என்கிறேன்.

மண்பானை:
நான் கடத்துக்காக வந்தவன். கச்சேரியில் மிருதங்கத்துக்குப் பின்னால் தன் முறைக்குக் காத்திருக்கும் வாத்தியம் அது. இங்கே முன்வரிசையில் நிற்கிறது. அடுத்த ஆல்பத்தில் ராகவன் இல்லை, தெற்கத்தித் தாளத்தை விக்கு ஒருவரே தாங்குகிறார். எனக்கு அது பெரிய விஷயம்.

நடைபேதம்:
தபலா பற்றி நீலஸ்வரம் சொன்னதை ஏற்கிறேன், அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் மெக்லாஃப்லின் அமெரிக்காவில் கர்நாடக இசை அறிஞர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். மாணவராக வந்து, இலக்கணம் படித்து, பிறகு இதை வாசித்தார். ஜாஸ் என்று மட்டும் எழுதினால் அந்த இலக்கணம் யாருடையது என்பது மறைந்துபோகிறது. என் வருத்தம் அதுதான்.

நீலஸ்வரம்:
அந்த வருத்தம் நியாயம். ஆனாலும் அவர் கிட்டாரை வீணையாக மாற்றிவிடவில்லை நண்பரே. ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகத்துக்காகத் தந்தியை வளைக்கிறார், அப்புறம் வேகம் பிடித்ததும் பழைய ஜாஸ்காரர் வெளியே வந்துவிடுகிறார். இதே ஆல்பத்தின் ‘லோட்டஸ் ஃபீட்’ ஐந்து நிமிடம்கூட இல்லை, அதில் வேகமே இல்லை. அதை எந்த வரிசையில் வைப்பீர்கள்?

நடைபேதம்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றிரவு அதை மட்டும் மறுபடி கேட்டுவிட்டு வருகிறேன்.